பெயரைப் பதிகிறார்கள், தேர்தலைத் தருவது யார்? கிழக்கின் வாக்காளர் பதிவுச் சேவை பற்றிய மதிப்பீடு

அரச சேவைகளைப் பற்றி எழுதுவோர் வைத்தியசாலை, மின்சாரம், பேருந்து என்று அடிக்கடி போய்வரும் இடங்களைப் பற்றியே எழுதுகிறார்கள். வாக்காளர் பதிவு அந்த வரிசையில் வருவதில்லை. அதற்குக் கட்டணம் கிடையாது, வரிசையில் நிற்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை, தேர்தல் ஒன்று அறிவிக்கப்படும் வரை அதன் குறையும் நிறையும் எவருடைய கண்ணிலும் படுவதில்லை. 2024 ஆம் ஆண்டுத் தேர்தல்களின்போது மட்டக்களப்புத் தேர்தல் மாவட்டத்தில் ஏறக்குறைய 4 இலட்சத்து 50 ஆயிரம் பேரும், அம்பாறையை உள்ளடக்கிய திகாமடுல்லத் தேர்தல் மாவட்டத்தில் ஏறக்குறைய 5 இலட்சத்து 55 ஆயிரம் பேரும் பதிவு பெற்றிருந்தனர். இரு மாவட்டங்களிலும் சேர்த்துப் பத்து இலட்சம் பேர் பயன்படுத்தும் சேவையொன்றை ஆற அமர மதிப்பிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பதிவுச் சேவை நன்றாகவே நடக்கிறது. ஆனால் எந்த உரிமைக்காகப் பெயரைப் பதிகிறோமோ அந்த உரிமையைக் காக்கும் சட்டம் அரைகுறையாகக் கிடக்கிறது. அதைச் சீர்செய்யும் பொறுப்பு பாராளுமன்றத்தில் இருப்போருடையது.

சேவையின் அடித்தளம் 1980 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கத் தேருநர்களைப் பதிவுசெய்தல் சட்டம். அதன் கீழ் வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்படுகிறது. ஒருவர் சாதாரணமாக எங்கே வதிகிறாரோ அங்கேதான் அவருடைய பெயர் பதியப்படும். இந்த வேலையின் பெரும் பாரத்தைச் சுமப்பவர் கிராம உத்தியோகத்தர். கல்லடியில் எங்கள் ஒழுங்கைக்கு அவர் வரும்போது முந்திய ஆண்டின் பட்டியலை வீட்டு இலக்க ஒழுங்கில் கையில் வைத்திருப்பார். இறந்தவர் யார், கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போனவர் யார், பதினெட்டு நிறைந்த பிள்ளைகள் யார் என்று படலையடியில் நின்றபடியே கேட்டு, ஒவ்வொரு பெயருக்கும் நேரே அடையாளமிட்டுக்கொண்டு போவார். அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கும் பட்டியலில் உள்ள எழுத்துக்கும் வேறுபாடு இருந்தால் அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, ஓரெழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். தந்தையின் பெயரின் முதலெழுத்து மாறிக் கிடந்த ஒருவருடைய பதிவு இப்படித்தான் எங்கள் ஒழுங்கையில் சரியானது. சம்பளத்துக்கு மேல் சலுகை எதுவும் எதிர்பாராமல் வெயிலில் வீடுவீடாகப் போகும் இந்த உத்தியோகத்தர்கள் நன்றிக்கு உரியவர்கள்.

முன்னர் தகைமைத் திகதியன்று, அதாவது வயதைக் கணக்கிடக் குறித்த நாளன்று, பதினெட்டு நிறையாத பிள்ளை அடுத்த ஆண்டு இடாப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னர், ஆண்டின் இடையில் பதினெட்டு வயதை எட்டுவோரைக் குறைநிரப்பு இடாப்பில் சேர்க்க வழி பிறந்திருக்கிறது. இது சிறிய திருத்தம்தான். ஆனாலும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கும் ஒரு தலைமுறைக்கு அது பெரிய வாசல். சட்டமியற்றுவோர் மனம் வைத்தால் வாக்குரிமையை எவ்வளவு எளிதாக விரிவாக்கலாம் என்பதற்கு இதையே நான் முதல் உதாரணமாகச் சொல்வேன்.

குறை தொடங்கும் இடம் பட்டியல் காட்சிப்படுத்தல். மீளாய்வு முடிந்ததும் நீக்கப்படவுள்ள பெயர்கள் ஒரு நிரலிலும் புதிதாகச் சேர்க்கப்படவுள்ள பெயர்கள் மற்றொரு நிரலிலும் பிரதேச செயலகத்திலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். உரிமை கோருவோரும் ஆட்சேபம் தெரிவிப்போரும் அந்தக் காலத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். சட்டம் தந்த இந்த ஏற்பாடு அருமையானது. அதைப் பயன்படுத்துவோர்தான் மிகக் குறைவு. பட்டியல் ஓர் அறையின் உட்சுவரில், பிறப்புப் பதிவு அறிவித்தலுக்கும் உர மானிய அறிவித்தலுக்கும் நடுவில் தொங்கும். அலுவலகத்துக்கு வேறு அலுவலாகப் போகிறவர் கண்ணில் பட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. “பட்டியல் தொங்குற நேரம் ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்க அக்கா, பிறகு வந்து கேட்டா எங்களால ஒண்டும் செய்ய ஏலாது” என்று ஓர் உத்தியோகத்தர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. இடாப்பு அத்தாட்சிப்படுத்தப்பட்ட பின்னர் அந்த இடாப்பைக் கொண்டு நடக்கும் தேர்தலில் விடுபட்டவருக்கு இடமில்லை.

எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அவன் கட்டாரில் ஓட்டுநராக வேலை செய்துவிட்டு ஒப்பந்தம் முடிந்து 2025 இல் ஊருக்கு வந்தான். மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கத் தயாரானபோதுதான் இடாப்பில் அவனுடைய பெயர் இல்லை என்று தெரியவந்தது. மீளாய்வுக்கு வந்தபோது “மகன் எங்க?” என்ற கேள்விக்குத் தாய் “வெளியால போயிருக்கான்” என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கிறார், எவ்வளவு காலத்துக்குப் போயிருக்கிறான், வீடும் குடும்பமும் இங்கேதானே என்று அடுத்த கேள்வி கேட்கப்படவில்லை. நீக்கப்படும் பெயர்களின் நிரலில் அவனுடைய பெயர் நிச்சயமாகத் தொங்கியிருக்கும். அதைப் போய்ப் பார்க்கும் நிலையில் அவன் ஊரில் இல்லை, தாய்க்கு அப்படியொரு நிரல் இருப்பதே தெரியாது. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரம் முழுவதும் மத்திய கிழக்கு உழைப்பில் நிற்கும் குடும்பங்கள் ஏராளம். அந்த உழைப்பாளிகள் அனுப்பும் அந்நியச் செலாவணியை நாடு எதிர்பார்க்கிறது; வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கும் வழியை மட்டும் சட்டம் இன்னும் அவர்களுக்குத் தரவில்லை. குறைந்தபட்சம், பெயரை நீக்குவதற்கு முன் அந்த வீட்டுக்கு எழுத்து மூலம் அறிவித்து ஒருவருடைய கையொப்பம் பெற வேண்டும் என்ற கட்டாயத்தையாவது சட்டத்தில் எழுதிவிடலாம். அதற்கு ஒரு பந்தி போதும்.

இணையவழிச் சேவையைப் பொறுத்தவரை, தேர்தல்கள் ஆணைக்குழுவின் தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். தமிழில் கிடைக்கிறது, கைத்தொலைபேசியிலும் திறக்கிறது. படித்த பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைவிட இலகுவான வழி இல்லை.

வாக்கெடுப்பு நாளின் சேவையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. வாக்காளர் அட்டையைத் தபாற்காரர் வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறார். அட்டை கிடைக்காதவர்கூட அடையாளத்தை நிரூபித்தால் வாக்களிக்கலாம். 2004 ஆம் ஆண்டின் சட்டம் அடையாள ஆவணத்தைக் கட்டாயமாக்கியபோது முதியோர் பலர் வெளியே நிற்க வேண்டி வருமோ என்ற பயம் இருந்தது. கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், முதியோர் அடையாள அட்டை ஆகியவற்றை ஏற்பதும், எதுவும் இல்லாதவருக்குக் கிராம உத்தியோகத்தர் ஊடாகத் தற்காலிக அடையாள அட்டை கொடுப்பதும் அந்தப் பயத்தைப் பெருமளவில் போக்கியிருக்கின்றன. 2011 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பார்வை இழந்தவரோ உடல் இயலாதவரோ தமக்கு நம்பிக்கையான ஒருவரை அழைத்துச் சென்று, தம் விருப்பப்படி வாக்குச்சீட்டில் அடையாளமிடச் செய்யலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கண் தெரியாத என் பெரியம்மாவுடன் நான் போனேன். தகுதிச் சான்றிதழை முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தோம். தலைமை தாங்கும் உத்தியோகத்தர் அதை வாசித்துப் பார்த்துவிட்டு, என்னிடம் பேசாமல் பெரியம்மாவிடமே நேராக, “அம்மா, இவங்க உங்கட விருப்பத்தோடதானே வந்திருக்காங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த மரியாதையை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். முன்னைய தேர்தல்களில் வாக்குச்சீட்டை உத்தியோகத்தர் ஒருவரிடம் கொடுத்து, தன் மனத்தில் இருந்ததை அந்நியர் காதில் சொல்ல வேண்டியிருந்த பெரியம்மாவுக்கு, சட்டத்தின் ஒரு வரி இரகசிய வாக்கைத் திருப்பிக் கொடுத்தது.

இந்த மாவட்டங்களில் வாக்குரிமை எப்போதும் இப்படி வாசலுக்கு வந்து நிற்கவில்லை என்பதை இளையவர்கள் அறிந்திருக்க வேண்டும். போர்க் காலத்தில் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் இருந்தவர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாக்களிக்க முடியவில்லை. வாவியைக் கடந்து, சோதனைச் சாவடிகளைத் தாண்டி, கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் பல ஊர்களுக்குச் சேர்த்து அமைக்கப்பட்ட கொத்தணி வாக்கெடுப்பு நிலையங்களுக்கு வர வேண்டியிருந்தது. மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கப்படும் வரை அங்கே ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் கரை மாற வேண்டும். காற்று அடித்தால், மாரி பெருகினால் அதுவும் நிற்கும். வாக்குரிமை இடாப்பில் இருந்தது, வாக்கெடுப்பு நிலையம் மறு கரையில் இருந்தது. அத்தோடு 2006, 2007 ஆம் ஆண்டுகளில் வாகரையிலும் படுவான்கரையிலும் இடம்பெயர்ந்தோர், 2004 சுனாமியில் நாவலடியை விட்டுத் திராய்மடுவில் குடியேறியோர் என்று இடாப்பில் ஓரிடமும் வாழ்க்கையில் வேறிடமுமாக எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. இடம்பெயர்ந்தோர் தம் பூர்வீக இடத்திலேயே பதிவைத் தக்கவைத்துக்கொள்வதற்காக 2013 இல் 27 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டதற்குக் காரணம் இப்படியான தவிப்புத்தான். இத்தகைய பாதுகாப்பு விசேட ஏற்பாடாக இல்லாமல் மூலச் சட்டத்தின் நிரந்தர உறுப்பாகவே இருக்க வேண்டும். இடப்பெயர்வு இந்த மண்ணில் விதிவிலக்காக இருந்ததில்லை. வெள்ளமும் சூறாவளியும் கேட்டுக்கொண்டு வருவதுமில்லை.

இதுவரை சொன்னதை வைத்துப் பதிவுக்கும் வாக்கெடுப்பு நாளுக்கும் ஐந்தில் நான்கு புள்ளி தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பதிவு எதற்காக? வாக்களிப்பதற்காக. அங்கேதான் முழுச் சேவையும் உடைந்து கிடக்கிறது.

கிழக்கு மாகாண சபைக்கு மக்கள் கடைசியாக வாக்களித்தது 2012 செப்டெம்பர் 8 ஆம் திகதி. அந்தச் சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் 30 உடன் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. 1995 ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் இப்பகுதியில் பிறந்த எவரும் தம் வாழ்நாளில் மாகாண சபைத் தேர்தல் ஒன்றில் வாக்களித்ததில்லை. அவர்களுள் பலர் இன்று பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாண சபைக்கு உரியவை. ஆதார வைத்தியசாலைகள் பலவும், மாகாண வீதிகளும், உள்ளூராட்சி நிர்வாகத்தின் மேற்பார்வையும் அதற்கு உரியவையே. அவற்றைப் பற்றிய தீர்மானங்களை இப்போது எடுப்பவர் ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட ஆளுநர். எந்த ஆளுநர் நல்லவர், எவர் திறமையானவர் என்பது இங்கே பேச்சல்ல. அவரை அனுப்பவோ நீக்கவோ மட்டக்களப்பில் ஒருவருடைய விரலுக்கும் அதிகாரம் இல்லை என்பதே பேச்சு. அதற்கு முந்திய வரலாறும் நல்லதன்று: 1988 இல் தெரிவான வடக்கு-கிழக்கு மாகாண சபை 1990 இல் கலைக்கப்பட்ட பின், 2008 மே 10 வரை பதினெட்டு ஆண்டுகள் கிழக்கில் தெரிவுசெய்யப்பட்ட சபையே இருக்கவில்லை. மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் வந்த 1987 இலிருந்து இன்று வரை கிழக்கு மக்கள் மாகாண சபைக்காக வாக்களித்தது 1988, 2008, 2012 ஆகிய மூன்று தடவைகள் மட்டுமே.

இந்த முடக்கம் எப்படி வந்தது என்பதைப் பொறுமையாக வாசிக்குமாறு கேட்கிறேன், ஏனென்றால் இது போரால் வந்ததல்ல, சட்டத்தால் வந்தது. 2017 இல் 17 ஆம் இலக்க மாகாண சபைகள் தேர்தல்கள் திருத்தச் சட்டம் நிறைவேறியது. கட்சி பெறும் வாக்குகளின் விகிதப்படி ஆசனங்களைப் பகிரும் முழு விகிதாசார முறைக்குப் பதிலாகப் பாதி உறுப்பினர்களைத் தொகுதிவாரியாகவும் மீதிப் பேரை விகிதாசாரமாகவும் தெரிவுசெய்யும் கலப்பு முறையை அது கொண்டுவந்தது. தொகுதி என்றால் எல்லை வேண்டும். எல்லை நிர்ணயக் குழு அறிக்கை தந்தது. 2018 ஆகஸ்டில் அந்த அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. எதிராக 139 வாக்குகள் விழுந்தன, அதைச் சமர்ப்பித்த அமைச்சரும் எதிர்த்தே வாக்களித்தார். சட்டப்படி பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு இரண்டு மாதங்களில் திருத்திய அறிக்கையைக் கொடுத்திருக்க வேண்டும். அது வரவில்லை. அந்த அறிக்கை இன்றி எல்லைகளை ஜனாதிபதி தாமாகப் பிரகடனப்படுத்த முடியாது என்று 2019 இல் உயர் நீதிமன்றம் கருத்துரைத்தது. பழைய முறையைச் சட்டம் எடுத்துவிட்டது, புதிய முறைக்கு எல்லை இல்லை. ஆகவே தேர்தல் இல்லை. பதிவுக்காக வீடுவீடாக நடக்கும் உத்தியோகத்தரின் உழைப்பு ஆண்டுதோறும் இந்த இடத்தில் வந்து முட்டி நிற்கிறது.

எஞ்சினைக் கழற்றி வைத்த உழவு இயந்திரம் போல, சட்டம் பார்வைக்கு முழுதாகவே நிற்கிறது. இயக்கும் உறுப்புத்தான் இல்லை. இதே கோளாறு வேறொரு நாட்டிலும் நேர்ந்திருக்கிறது என்பதால் அதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் 1965 மார்ச் 7 ஆம் திகதி வாக்குரிமைக்காக ஊர்வலம் போய்ப் பொலிஸாரிடம் அடிபட்டனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் திகதி வாக்குரிமைச் சட்டம் கையொப்பமானது. பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்களும் மாவட்டங்களும் தேர்தல் விதிகளை மாற்றுவதற்கு முன் மத்திய அரசின் நீதித் திணைக்களத்திடமோ தலைநகரின் நீதிமன்றத்திடமோ முன்னனுமதி பெற வேண்டும் என்பது அதன் ஐந்தாம் பிரிவு. எந்த இடங்களுக்கு அது பொருந்தும் என்ற சூத்திரம் நான்காம் பிரிவில் இருந்தது. அந்தப் பாதுகாப்புக் காலவரையறை கொண்டது; 1970, 1975, 1982 என்று புதுப்பிக்கப்பட்டு, 2006 இல் மேலும் 25 ஆண்டுகளுக்கு நீடிக்கப்பட்டது. 2006 இல் செனட் சபையில் 98 பேர் ஆதரித்தனர், எதிர்த்தவர் ஒருவருமில்லை. ஆனால் 2013 ஜூன் 25 ஆம் திகதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சூத்திரம் பழைய தரவுகளில் நிற்கிறது என்று கூறி, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அதை நீக்கியது. ஐந்தாம் பிரிவு நூலில் இருக்கிறது, அது பொருந்த ஓர் இடமும் இல்லை. புதிய சூத்திரம் எழுதும் பொறுப்பு அந்நாட்டுச் சட்டமன்றமான காங்கிரஸிடம் விடப்பட்டது. செல்மாவில் அடிபட்டவர்களுள் ஒருவரான ஜோன் லூயிஸின் பெயர் தாங்கிய சட்டமூலம் 2021 இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை. அங்கே சூத்திரம், இங்கே எல்லை. இரண்டு இடங்களிலும் மக்கள் தவறு செய்யவில்லை, தேர்தல் அலுவலர்களும் தவறு செய்யவில்லை. சட்டமன்றத்தில் இருந்தவர்கள் எழுத வேண்டிய பத்தியை எழுதாமல் விட்டார்கள்.

எழுதாமல் விடுவதாலும் உரிமை போகும், எழுதுவதாலும் போகும். 1931 இல் சர்வசன வாக்குரிமை பெற்ற நாட்டில், 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து 1949 இல் செய்யப்பட்ட தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழர்களின் பெயர்களை இடாப்பிலிருந்து அகற்றின. அந்த அநீதியின் மிச்சத்தைத் தீர்க்க 2003 வரை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஒரு பாராளுமன்றம் குறுகிய காலத்தில் செய்ததைச் சரிசெய்ய அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

நீதிமன்றம் இருக்கிறதே என்று சிலர் சொல்வர். உண்மைதான், நம் உயர் நீதிமன்றம் இந்த விடயத்தில் துணிந்து நின்றிருக்கிறது. 1998 இல் ஐந்து மாகாண சபைகளின் தேர்தல்கள் அவசரகால விதிகளைக் கொண்டு நிறுத்தப்பட்டபோது, வாக்களிப்பதும் கருத்து வெளிப்பாட்டின் ஒரு வடிவமே, அதைத் தடுத்தது அடிப்படை உரிமை மீறல் என்று 1999 இல் தீர்ப்பளித்தது. 2023 மார்ச் 9 ஆம் திகதி நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் திறைசேரியில் பணமில்லை என்ற காரணத்தால் நின்றபோதும், 2024 ஆகஸ்ட் 22 ஆம் திகதி, தேர்தல்கள் ஆணைக்குழுவின் உறுப்பினர்களும் நிதி அமைச்சராகவும் இருந்த அப்போதைய ஜனாதிபதியும் மக்களின் அடிப்படை உரிமையை மீறினர் என்று தீர்மானித்தது. ஆனால் தீர்ப்பு வருவதற்கு ஒன்றரை ஆண்டு சென்றது. வாக்குச்சாவடி திறக்க 2025 மே 6 வரை ஆனது. அந்த இடைக்காலத்தில் மட்டக்களப்பு மாநகர சபை தொடக்கம் கடைசிப் பிரதேச சபை வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லாமல் செயலாளர்களாலும் ஆணையாளர்களாலும் நடத்தப்பட்டது. குப்பை வண்டி வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாத ஈராண்டு அது. நோய் முற்றிய பிறகு வரும் மருத்துவம் மருத்துவம்தான், ஆனால் நோய் வராமல் தடுக்க வேண்டியது சட்டம்.

தடுக்கக்கூடிய இடம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. மூன்றாம் உறுப்புரை, மக்களின் இறைமையில் வாக்குரிமையும் அடங்கும் என்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் நான்காம் உறுப்புரையின் கடைசிப் பகுதி ஜனாதிபதித் தேர்தல், பாராளுமன்றத் தேர்தல், மக்கள் தீர்ப்பு ஆகிய மூன்றை மட்டுமே குறிப்பிடுகிறது. மாகாண சபையும் உள்ளூராட்சியும் அதில் இல்லை. தேர்தல் தள்ளிப்போவது அண்மைக் காலத்தில் பெரும்பாலும் இந்த இரண்டிலேயே நிகழ்கிறது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். 2024 இல் ஜனாதிபதித் தேர்தலுக்கும் பாராளுமன்றத் தேர்தலுக்கும் பணம் கிடைத்தது.

மட்டக்களப்பு ஐந்து பேரையும் திகாமடுல்ல ஏழு பேரையும் பாராளுமன்றத்துக்கு அனுப்புகின்றன. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மூன்று சமூகத்தையும் பல கட்சிகளையும் சேர்ந்த இவர்கள் ஒன்றாக நின்று கேட்கக்கூடிய விடயங்கள் அதிகம் இல்லை. இது அவற்றுள் ஒன்று. எல்லை நிர்ணயத்தைப் பற்றி அம்பாறையில் நியாயமான அச்சம் உண்டு. கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளில் ஊருக்கு ஊர் சமூகம் மாறும் நிலத்தில் ஒரு கோட்டை எங்கே போட்டாலும் யாரோ ஒருவர் சிறுபான்மைக்குள் சிறுபான்மையாகி வாக்கின் பலனை இழப்பார். விகிதாசார முறையில் 2008 இலும் 2012 இலும் மூன்று சமூகத்தவரும் சபைக்குப் போனார்கள். ஆகவே என் அபிப்பிராயத்தில், 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கலப்பு முறையை இப்போதைக்கு நிறுத்திவைத்து, பழைய விகிதாசார முறைப்படி உடனடியாகத் தேர்தலை நடத்த அனுமதிக்கும் குறுகிய திருத்தமே முதலில் வேண்டும். பெண்களுக்கான வேட்புமனு ஒதுக்கீட்டை அதிலும் காப்பாற்ற வேண்டும். முறை மாற்றத்தைப் பற்றி விவாதிப்பதானால், தெரிவுசெய்யப்பட்ட சபைகள் இயங்கிக்கொண்டிருக்கையில் எவ்வளவு காலமும் விவாதிக்கட்டும்.

மாகாண சபை வெள்ளை யானை, செலவு வீண் என்ற வாதத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், அதைச் சொல்வோரிடம் எனக்குக் கோபமில்லை. ஆனால் சபை வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது வேறு, சட்டப்படி இருக்கும் சபைக்கு வாக்களிக்கும் உரிமையைக் காலவரையின்றி நிறுத்திவைப்பது வேறு. சபையின் அலுவலகமும் ஊழியரும் வாகனமும் இன்றைக்கும் பொதுப்பணத்தில்தான் இயங்குகின்றன. மக்கள் பிரதிநிதி மட்டுமே அங்கே இல்லை.

குறுகிய திருத்தத்தோடு நின்றுவிடாமல், நான்காம் உறுப்புரையில் மாகாண சபைத் தேர்தலையும் உள்ளூராட்சித் தேர்தலையும் சேர்க்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கும், பதவிக்காலம் முடிந்த சபைக்கு இத்தனை நாட்களுக்குள் தேர்தல் நடந்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்துக்கும், தேர்தல் செலவை நிதி அமைச்சரின் விருப்பத்தில் தங்காமல் அரச வருமானம் சேரும் திரட்டு நிதியத்தின் மீது நேரடியாகச் சுமத்தும் ஏற்பாட்டுக்கும் நம் பன்னிரண்டு உறுப்பினர்களும் குரல் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் உழைப்போரின் வாக்கையும் அந்தச் சட்டமூலத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். தபால் மூல வாக்களிப்பு நாட்டில் நெடுங்காலமாக நடக்கிறது. அரச ஊழியருக்கு முடிந்தது கட்டாரில் இருக்கும் ஓட்டுநருக்கு முடியாமல் போவதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சேவையைப் பயன்படுத்துவோருக்குச் சொல்ல வேண்டியவை சில. கிராம உத்தியோகத்தர் வரும்போது வெளிநாட்டில் இருப்பவரின் பெயரைச் சொல்லி, அவர் எப்போது போனார், எப்போது திரும்புவார், நிரந்தர வீடு இதுவே என்று தெளிவாகச் சொல்லுங்கள். அடுத்த பதினெட்டு வயதுப் பிள்ளையின் அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பட்டியல் காட்சிக்கு வரும் காலத்தில் சேர்க்கும் நிரலைப் பார்ப்பதோடு நீக்கும் நிரலையும் வாசியுங்கள், அயல்வீட்டுப் பெயர்களையும் சேர்த்து வாசியுங்கள். உரிமைக் கோரிக்கையைக் கையளித்தால் ஏற்றுக்கொண்டதற்கான பிரதியில் திகதி முத்திரை கேட்டு வாங்குங்கள். அதே நாளில் உங்கள் பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, மாகாண சபைத் தேர்தல் திருத்தத்துக்கு அவர் எந்தப் பக்கம் வாக்களிப்பார் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். அதற்கும் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.